ஓடருக்குச் செய்யும் தூண்டில் தடி

எமது கடைத்தெருக்களில் ஓடர் எடுத்துச் செய்யும் தொழில்கள் பல உள்ளன. தையல், நகை வேலை, தளபாடம், அலுமினியப் பொருத்து வேலை என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றில் ஈடுபட்டுள்ளவர்கள் வேலையில் தவறுவது குறைவு. பேச்சில்தான் தவறுகிறார்கள். என்ன செய்து தருவது, எப்போது தருவது, எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்பவை தெளிவாகப் பேசப்படுவதில்லை. தனது கைக்கூலியையும் கணக்கில் எழுதுவதில்லை. இந்த வாரம் இதனை எமக்குப் பழக்கமில்லாத ஒரு தொழிலை வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பதற்கான தூண்டில் தடிகளை ஆளுக்கேற்பச் செய்து கொடுப்பதும், உடைந்தவற்றைத் திருத்துவதும்தான் அந்தத் தொழில். டெக்சாஸ் மாநிலத்தில் தூண்டில் உபகரணக் கடை ஒன்றின் திருத்த மேசையில் சில வருடங்கள் இருந்தவன் என்ற வகையில் இதன் உள்விவகாரங்கள் எனக்குப் பரிச்சயமானவை.

பாஸ் என்றவுடன் எமது களப்புகளில் பிடிபடும் கொடுவாவை நினைத்துவிட வேண்டாம். கொடுவாவையும் ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்று சொல்வதுண்டு. ஆனால் அது வேறு மீன். அமெரிக்கர்கள் பாஸ் என்று சொல்வது பெரும்பாலும் ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வாழும் பெரிய வாயுடைய ஒரு நன்னீர் மீனையே. 1932ஆம் ஆண்டு ஜோர்ஜியா மாநிலத்தில் பிடிபட்ட 22 இறாத்தல் 4 அவுன்ஸ் மீன்தான் உலக சாதனை. 2009ஆம் ஆண்டு ஜப்பானின் பீவா ஏரியில் பிடிபட்ட மீன் அதற்குச் சமமானதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1967இல் ரே ஸ்கொட் என்ற காப்புறுதி முகவர் ஆர்கன்சோ மாநிலத்தில் ஒரு பெரிய போட்டியை நடத்தினார். அடுத்த வருடம் பாஸ் பிடிப்பவர்களுக்கென ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். அதன் பின்னர் இது பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து பரிசுப் பணம், படகு, உபகரணம் என்று பெரும் வியாபாரமாகிவிட்டது. பிடித்த மீனை நிறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தண்ணீரில் விடுவதே அவர்களில் அநேகரின் வழக்கம். அது பற்றிய மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். எமக்கு இங்கு வேண்டியது தொழில்.

இந்த மீனைப் பிடிப்பவருக்கு ஒரு தடி போதாது. சிறிய முக்கிளைத் தூண்டில்கள் தொங்கும் செயற்கை இரையை இழுத்து வருவதற்கு மெதுவாக வளையும் தடி தேவை. விறைப்பான தடியால் இழுத்தால் மீனின் வாயிலிருந்து முள் கழன்றுவிடும். மாறாக, நீர்ப்பாசிகளுக்கும் மூழ்கிய மரங்களுக்கும் நடுவே பெரிய ஒற்றைத் தூண்டிலோடு ஜிக் எனப்படும் இரையை இறக்குபவருக்கு நுனி மட்டும் வளைந்து அடிப்பாகம் விறைப்பாக நிற்கும் தடி வேண்டும். இல்லாவிடில் மீன் மரத்தைச் சுற்றிக்கொள்ளும். ஒருவருடைய படகில் ஆறு ஏழு தடிகள் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு. தச்சரின் பெட்டியில் ஒரே ஒரு உளி இருப்பதில்லை அல்லவா?

தொழிற்சாலைத் தடிகள் கடையில் வரிசையாகத் தொங்குகின்றன. விலையும் குறைவு. அப்படியிருக்க, தனியொருவர் மேசையில் அமர்ந்து செய்யும் தடியை இரண்டு மடங்கு பணம் கொடுத்து ஏன் வாங்குகிறார்கள்? அளவுதான் காரணம். கை குட்டையானவருக்குக் கைபிடியின் பின்புறம் விலாவில் இடிக்கிறது. தோள் வலி உள்ளவருக்கு நுனி பாரமாக இருக்கிறது. இடது கைக்காரர் இருக்கிறார். தனது பெயரை எழுதித் தரச் சொல்பவர் இருக்கிறார். தொழிற்சாலை சராசரி ஆளுக்குச் செய்கிறது. மேசைக்காரர் முன்னால் நிற்கும் ஆளுக்குச் செய்கிறார்.

மேசையில் நடப்பது என்ன?

மேசைக்காரர் தடியின் தண்டைத் தானே செய்வதில்லை. அது தொழிற்சாலையிலிருந்து வருகிறது. பிசின் ஊறிய காபன் நார்த் துணியைக் கூம்பிச் செல்லும் உருக்குக் கம்பி ஒன்றில் இறுக்கிச் சுற்றி, சூளையில் வேகவைத்து, கம்பியை உருவி எடுத்தால் உள்ளே வெறுமையான ஒரு தண்டு கிடைக்கும். இதனைப் பிளாங்க் என்று அழைப்பார்கள். காபன் தண்டுகள் 1970களின் ஆரம்பத்தில் சந்தைக்கு வந்தவை. அதற்கு முன் கண்ணாடி நார்த் தண்டுகளே கோலோச்சின. மெதுவாக வளையும் தடிக்கு இன்றும் கண்ணாடி நாரை விரும்புபவர்கள் இருக்கிறார்கள்.

வெறும் தண்டை மேசையில் ஊன்றி நுனியைக் கையால் அழுத்தி வளைத்து உருட்டினால், ஓரிடத்தில் அது தானாகத் துள்ளித் திரும்பும். துணியின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் பக்கத்தில் தண்டு சற்று விறைப்பாக இருப்பதே இதற்குக் காரணம். இதனைத் தண்டின் முதுகெலும்பு என்பார்கள். வளையங்களை இதற்கு நேராகத்தான் கட்டவேண்டும் என்று ஒரு சாரார் கூறுவர். தண்டு எந்தப் பக்கம் பார்த்தால் நேராகத் தெரிகிறதோ அதன்படி கட்டினால் போதும் என்பது மற்றச் சாராரின் வாதம். இரண்டு விதமாகவும் கட்டியவன் என்ற வகையில் சொல்கிறேன், வாடிக்கையாளர் கண்ணுக்கு முதலில் தெரிவது வளைந்த தடிதான். நேராகத் தெரியும்படி கட்டுவதே கடைக்கு நல்லது.

பின்னர் ரீல் அமரும் இருக்கையும் கைபிடியும் ஒட்டப்படும். கைபிடிக்குத் தக்கை அல்லது நுரைப் பொருள் பாவிப்பார்கள். நல்ல தக்கையின் பெரும்பகுதி போர்த்துக்கலிலிருந்து வருகிறது. அதன் தரம் குறைந்து விலை கூடிக்கொண்டே போவதாகப் பழைய மேசைக்காரர்கள் புலம்புவார்கள். அடுத்தது தங்கூசி ஓடும் வளையங்கள். தடி எத்தனை அடியோ அதைவிட ஒன்று கூடுதலாக வளையம் என்பது ஒரு கைக்கணக்கு. ஏழடித் தடிக்கு எட்டு, நுனி வளையம் வேறு. ஆனால் கணக்கை நம்பிக் கட்டிவிட முடியாது. வளையங்களைத் தற்காலிகமாகப் பொருத்தி, தங்கூசியைக் கோர்த்து, நுனியில் பாரம் கட்டித் தடியை வளைத்துப் பார்க்கவேண்டும். தங்கூசி தண்டின் வளைவோடு ஒட்டிச் செல்லவேண்டும். இரு வளையங்களுக்கிடையே கோணலாக வெட்டிச் சென்றால் அந்த இடத்தில் தண்டுக்குப் பாரம் சமமாகப் பகிரப்படவில்லை என்று அர்த்தம். வளையத்தை நகர்த்தி மறுபடியும் பார்க்கவேண்டும். இதற்கு அரை மணித்தியாலம் போகும். அவசரக்காரர்கள் விட்டுவிடும் இடமும் இதுதான்.

வளையத்தின் கால்களை அரத்தால் மெல்லியதாகத் தேய்த்து, நைலோன் நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவார்கள். சாதாரண நிற நூலின் மேல் எபொக்சி பட்டவுடன் நிறம் இருண்டு கண்ணாடி போலாகிவிடும். நிறம் மாறக்கூடாது என்றால் அதற்கென்று வரும் நூலை வாங்கவேண்டும். சிவப்பு கேட்டவருக்குக் கறுத்த சிவப்பு கிடைத்து, பேச்சு வளர்ந்த சம்பவங்கள் உண்டு. இறுதியாக எபொக்சி பூச்சு. இரண்டு திரவங்களைச் சரிபாதியாக அளந்து கலக்கவேண்டும். கண் மட்டத்துக்குக் கலந்தால் நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும், காயவே காயாது. பூசிய தடியை நிமிடத்துக்குப் பத்துச் சுற்று அளவில் மெதுவாகச் சுழலும் மோட்டாரில் பல மணித்தியாலம் விடவேண்டும். இல்லையென்றால் பூச்சு ஒரு பக்கமாக வழிந்து தொங்கும். கைவேலை ஒரு நாளில் முடிந்தாலும் காய்வதற்கான நேரத்தையும் சேர்த்துத்தான் தவணை சொல்லவேண்டும். பெருநாளைக்கு முந்திய நாள் தருகிறேன் என்று வாக்களிக்கும் எமது தையல்காரர்களை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

கணக்கு

ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். தண்டு 90 டொலர், வளையங்கள் 45, இருக்கையும் கைபிடியும் 35, நூல், பசை, பூச்சு 10. மொத்தம் 180. தடியை 300 டொலருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 120 டொலர் இலாபம் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். அமெரிக்காவில் மீன்பிடி உபகரணம் உற்பத்தி செய்பவர் மத்திய அரசுக்கு ஒரு வரி கட்டவேண்டும். 1950ஆம் ஆண்டின் டிங்கல் ஜோன்சன் சட்டத்தின் கீழ் இந்தப் பணம் மீன்வள மேம்பாட்டுக்காக மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. விற்பனை விலையில் பத்து வீதம் வரி, ஆனால் தடி ஒன்றுக்கு 10 டொலரைத் தாண்டாது. அந்த உச்ச வரம்பு 2005இல் நடைமுறைக்கு வந்தது. தனது வாகனக் கொட்டகையில் இருந்து பத்துத் தடி செய்து விற்பவரும் சட்டத்தின் பார்வையில் உற்பத்தியாளரே. பலர் இதனை அறியாமலே தொழிலில் இறங்குகிறார்கள். எமது 300 டொலர் தடிக்கு முழுப் பத்து டொலரும் போய்விடும்.

எஞ்சுவது 110. அதற்காக அவர் செலவிட்ட நேரம்? வாடிக்கையாளரோடு பேசியது, அளவெடுத்தது, கட்டியது, பூசியது எல்லாம் சேர்த்துப் பத்து மணித்தியாலம் என்றால், மணித்தியாலத்துக்கு 11 டொலர். அதிலிருந்து கடை வாடகை, மின்சாரம், கலந்து மிஞ்சி வீசிய எபொக்சி, பிழைத்துப்போன ஒரு கைபிடி எல்லாம் போகவேண்டும்.

இப்போது திருத்த வேலையைப் பாருங்கள். நுனி வளையம் ஒன்று போய்விட்டது என்று ஒருவர் வருகிறார். உதிரிப்பாகம் 3 டொலர், வேலை பத்து நிமிடம், வாங்குவது 10 டொலர். மணித்தியாலக் கணக்கில் பெருக்கினால் 42 டொலர் வருகிறது. நாள் முழுவதும் நுனி வளையம் உடைந்தவர்கள் வரிசையில் நிற்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் நான் இருந்த கடையில் வாடகையைக் கட்டியது திருத்த மேசை. புதிய தடிகள் கடைக்குப் பெயரைக் கொடுத்தன. அந்தப் பெயரைக் கேட்டு மற்றவர்கள் உடைந்ததைக் கொண்டுவந்தார்கள். இரண்டில் ஒன்றை விட்டால் மற்றது நிற்காது. திருத்த வேலையைச் சில்லறை வேலை என்று திருப்பி அனுப்பிய மேசைக்காரர்களும் அவ்வூரில் இருந்தார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்கள்தான் எம்மிடம் வந்தார்கள்.

ஒப்பந்தத்தில் வரவேண்டியவை

ஓடருக்குச் செய்து கொடுப்பதற்கு எமது ஷரீஅத்தில் இஸ்திஸ்னா என்று பெயர். செய்பவர் தனது மூலப்பொருளைக் கொண்டு, சொல்லப்பட்ட விபரத்தின்படி ஒரு பொருளைச் செய்து, பேசிய விலைக்குக் கொடுப்பது. ஹனபி மத்ஹபில் இது தனியானதோர் ஒப்பந்தமாக அனுமதிக்கப்பட்டது. எமது நாட்டில் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பழைய நூல்களில் இது ஸலம் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுக்குள் வந்தால் மாத்திரமே செல்லும், அதாவது முழு விலையும் பேசிய இடத்திலேயே கொடுக்கப்படவேண்டும். 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நிபந்தனைகள் பூர்த்தியானால் இஸ்திஸ்னா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று தீர்மானித்தது. பொருளின் இனம், வகை, அளவு, வேண்டிய தன்மைகள் ஆகியன தெளிவாக இருக்கவேண்டும். தவணையும் குறிக்கப்படவேண்டும். விலையை முழுவதுமாகப் பிற்போடவோ தவணை முறையில் கொடுக்கவோ இடமுண்டு.

தூண்டில் தடியில் இதனைப் பொருத்திப் பாருங்கள். நல்ல தடியொன்று செய்து தாருங்கள் என்பது ஓடர் அல்ல. ஏழடி, நடுத்தரத்துக்கு மேற்பட்ட விறைப்பு, நுனி வளைவு, இன்ன தொழிற்சாலையின் இன்ன தண்டு, எட்டு வளையம், பிளந்த தக்கைக் கைபிடி, முழங்கை வரை இத்தனை அங்குலம், நூல் நிறம், எழுதவேண்டிய பெயர், தரும் திகதி. இது ஓடர். தண்டு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதத்தையும் அதிலே எழுதவேண்டும். பொதுவாகத் தொழிற்சாலை தண்டை மட்டுமே மாற்றித் தரும். அதன்மேல் கட்டிய வளையங்களும் பத்து மணித்தியால உழைப்பும் மேசைக்காரரின் தலையில் விழும். மாற்றுத் தண்டில் மறுபடி கட்டுவதற்குக் கூலி உண்டா இல்லையா என்பதை உடைந்த பிறகு பேசினால் அது சண்டை. முதலே பேசினால் அது ஒரு வரி.

வாடிக்கையாளரே தண்டையும் வளையத்தையும் வாங்கிவந்து கட்டித் தரச் சொன்னால் அது இஸ்திஸ்னா அல்ல, கூலிக்கு வேலை செய்யும் இஜாரா. திருத்த வேலையும் அப்படியே. அங்கே பொருள் அவருடையது, எமது கையில் இருப்பது அமானிதம். ஆகவே தடியை வாங்கும்போதே அவர் முன்னிலையில் முழுவதும் தடவிப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கீறல்களைப் பற்றுச்சீட்டில் எழுதிக்கொள்வோம். பஞ்சுத் துண்டொன்றை ஒவ்வொரு வளையத்தினுள்ளும் இழுப்போம். வளையத்தின் உள்வட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சு சிக்கும். அது தங்கூசியை அறுக்கும் வளையம். ஆள் நிற்கும்போதே காட்டினால் மேலும் ஒரு வேலை கிடைக்கிறது. பிறகு சொன்னால் நாம் உடைத்ததாகக் கதை வரும்.

உடைந்த தடி

தடிகள் மீனால் உடைவது குறைவு. வாகனக் கதவு, படகின் மூடி, மின்விசிறி ஆகியவையே பெரும் எதிரிகள். படகருகே வந்த மீனைத் தடியைச் செங்குத்தாக உயர்த்தித் தூக்கப் பார்ப்பதும் நுனியை முறிக்கும். இன்னொன்று, ஈயக்குண்டு வீசும்போது தண்டில் பட்டுச் சிறு காயம் உண்டாகும். காபன் நார் அன்று ஒன்றும் செய்யாது. ஒரு மாதம் கழித்துச் சிறிய மீனொன்றுக்கு அவ்விடத்தில் முறியும். வாடிக்கையாளர் தண்டைக் குறை சொல்வார். அவரைப் பொய்யர் என்று எண்ணிவிடக் கூடாது. அவருக்கு உண்மையில் தெரியாது.

நுனி வளையத்தை மாற்றுவது எளிது. இலேசாகச் சூடுகாட்டி, பழைய பசை இளகியவுடன் நேராக இழுத்து எடுக்கவேண்டும். நெருப்பைத் தண்டில் காட்டினால் பிசின் கருகி நுனி பயனற்றுப்போகும். புதியதை உருகும் பசையால்தான் ஒட்டவேண்டும். நிரந்தரப் பசையால் ஒட்டுபவர் அடுத்த தடவை திருத்துபவருக்குத் துரோகம் செய்கிறார். நுனியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் முறிந்திருந்தால், முறிந்த இடத்தைச் சீராக்கிப் பெரிய துளையுள்ள நுனி வளையத்தைப் போடலாம். தடி குட்டையாகும், நுனியின் மென்மை போய்ச் சற்று விறைக்கும். இதனைச் சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும். இடையிலுள்ள வளையத்தைக் கழற்றும்போது கத்தியை வளையத்தின் இரும்புக் காலின் மேல் ஓட்டி நூலை வெட்டவேண்டும். தண்டின் மேல் ஓட்டினால் காபன் நார் வெட்டுப்பட்டு, அங்கே நாளை முறியும்.

நடுவில் முறிந்த தடிதான் சிக்கலானது. பழைய தண்டொன்றிலிருந்து உள்ளே இறுக்கமாக அமரும் துண்டை வெட்டி, அதன் இரு முனைகளையும் மெலிதாகத் தேய்த்து, அடிப்புறத்தால் செலுத்தி, முறிவின் இரு பக்கமும் சில அங்குலம் நிற்கும்படி எபொக்சியால் ஒட்டி, மேலே நூல் சுற்றிப் பூசுவோம். தடி திரும்பவும் மீன் பிடிக்கும். ஆனால் பழைய தடியாகாது. அவ்விடம் பாரமாகவும் விறைப்பாகவும் இருக்கும். வளைவு அங்கே வந்து நின்றுவிடும். விலை குறைந்த தடிக்கு இதைச் செய்யும் கூலி புதிய தடியின் விலையை நெருங்கிவிடும். அப்படியானால் திருத்தவேண்டாம், புதியது வாங்குங்கள் என்று சொல்லி அனுப்புவோம். தகப்பன் விட்டுச்சென்ற தடி என்றால் கதை வேறு. அதற்கு அவர்கள் கூலி கேட்பதில்லை.

ஒருமுறை ஒருவர் இரண்டாம் கையாக வாங்கிய விலை கூடிய தடியொன்றைக் கொண்டுவந்தார். இரை போய் விழும் தூரம் குறைகிறது என்பதே அவரது முறைப்பாடு. கைபிடிக்கு மேலே ஓரடி நீளத்துக்கு இரு நிற நூலால் அழகான வைரக்கட்டு வேலை. தடியை வளைத்துப் பார்த்தபோது அந்த ஓரடி மட்டும் அசையவில்லை. அவருடைய அனுமதியோடு நூலைப் பிரித்தோம். உள்ளே ஒட்டு. விற்றவர் அலங்காரத்துக்கும் சேர்த்து விலை வாங்கியிருந்தார். ஒட்டு வேலை சுத்தமாகத்தான் செய்யப்பட்டிருந்தது. அவ்விடம் ஒட்டப்பட்டது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எவருக்கும் குறையில்லை. பொருளின் குறையை அறிந்துகொண்டே மறைத்து விற்பது ஹராம் என்பதும், குறை தெரியவந்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பதும் எமது வியாபாரிகளுக்குப் புதிதல்ல. அவர் அவ்வாறே திருப்பிக் கொடுக்கப் போனார். கிடைத்ததா என்பது எனக்குத் தெரியவரவில்லை.

அதன் பிறகு எமது மேசையில் நடைமுறை ஒன்றை வைத்துக்கொண்டோம். ஒட்டுப் போட்ட இடத்துக்குத் தடியின் மற்ற நூல்களோடு சேராத நிறத்தில் நூல் சுற்றுவது, பூச்சுக்குக் கீழே திகதியையும் எழுதிவிடுவது. ஒருவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அதே நிறத்தில் தெரியாதபடி செய்து தரச் சொன்னார், கூலியைக் கூட்டித் தருவதாகவும் கூறினார். தடியை விற்கப் போகிறீர்களா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலையே வேறொருவர் இரண்டு முறிந்த தடிகளோடு வந்து, அந்த மாற்று நிற நூலைத் தனது நண்பரின் தடியில் கண்டதாகச் சொன்னார்.